கறுப்பு மார்க்கர்

எங்கள் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் கடையில் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவோம், அவள் காதுபடவே. போனால் போகிறது, மன்னித்துவிடு என்று யாராவது சொன்னால் முதலில் சொன்னவனோடுதான் சண்டைக்கு வருவாள். நான் அவள் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பா ஒரு பொம்மை ரயில் பைத்தியம். ஹார்டுவேர் கடை மாடியில் இருந்த ரயில் சங்கமே கதியென்று கிடந்தவர். பித்தளைத் தகட்டை வெட்டி, அவரும் மகளுமாகச் சேர்ந்து ஒரு பச்சை இன்ஜின் செய்திருந்தார்கள். அவர் இறந்த அன்று வீடே அழுதுகொண்டிருக்க, சித்தப்பா அலமாரியைத் திறந்து அதைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "அண்ணன் இது எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனார்" என்றார். கடைசி நாட்களில் அப்பாவுக்குப் பேச்சே இல்லை என்பது ஆஸ்பத்திரியில் கூட இருந்த மகளுக்குத் தெரியாதா? அம்மா கையைப் பிடித்து அழுத்தியதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அந்த வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை.

சங்கத்தில் வருஷாவருஷம் மெதுவோட்டப் போட்டி நடக்கும். நிற்காமல் ஊர்ந்து, கடைசியாக வந்து சேரும் இன்ஜினுக்குத்தான் கோப்பை. சித்தப்பாவிடம் பச்சை இன்ஜின் திக்கித் திக்கி நின்றது. வேக சென்சார் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, வாயெல்லாம் பல்லாக எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். ஜெராக்ஸ் மெஷினுக்குள் இருக்கும் அதே ஒளிக்கண்தான், அவளுக்குக் கைவந்த வேலை. "கொடுங்க சித்தப்பா" என்றாள். அந்தக் குரலில் தேன் ஒழுகியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

மோட்டாரோடு சுற்றும் குட்டிச் சக்கரத்தில் பாதிக்கு வெள்ளை, பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாள். எதிரே ஒளிக்கண்ணை ஒட்டினாள். கண்ணுக்குத் தெரியாத அதன் ஒளி வெள்ளையில் பட்டுத் திரும்பும், கறுப்பில் பட்டால் திரும்பாது. அதை எண்ணி வேகத்தைக் கண்டுபிடித்து, சர்க்யூட் போர்டு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஓட்டிக் காட்டினாள். எறும்பாக ஊர்ந்தது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மூடி மாட்டித் தருகிறேன் என்று உள்ளே எடுத்துப்போனவள், கறுப்புப் பெயின்டைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் மேஜைமேல் கிடந்த மார்க்கர் பேனாவால் தீட்டினாள். நம் கண்ணுக்கு இரண்டும் கறுப்புதான். ஆனால் அந்த ஒளி இந்த மார்க்கர் மையிலும் வெள்ளையில் படுவதுபோலவே பட்டுத் திரும்பும். எண்ணுவதற்கு எதுவும் வராவிட்டால் இன்ஜின் நிற்கிறது என்று போர்டு நினைத்து, இருக்கிற மின்சாரத்தையெல்லாம் கொடுத்துவிடும். நான் பார்த்தேன். மூடியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

போட்டியன்று சித்தப்பா தன் சம்பந்தியைக்கூட வரவழைத்திருந்தார். அவள் தண்டவாளம் போட்ட மேஜையின் மறுகோடியில் போய் நின்றுகொண்டாள். சுவிட்சைத் தொட்டதுதான் தாமதம், பச்சை இன்ஜின் பேய் பிடித்த மாதிரி பாய்ந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் மற்ற இன்ஜின்கள் அப்போதுதான் அசைந்தன. விளிம்பைத் தாண்டி விழுந்ததை அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அது அப்பா செய்தது அல்லவா?

சங்கமே சிரித்தது, சம்பந்தி உட்பட. சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "இந்தச் சனியன் எனக்கு வேணாம். நீயே எடுத்துட்டுப் போ" என்று கத்தினார்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு இன்ஜினோடு வீட்டுக்குப் போனாள்.

இத்தோடு விட்டுவிடு என்றேன். அவருக்குத் தெரியாமலே போனால் அது என்ன பழி என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். மார்க்கரைத் துடைத்துப் பழையபடி பெயின்ட் அடித்தாள். அடுத்த வருஷம் அதே பச்சை இன்ஜினை அதே தண்டவாளத்தில் விட்டாள். சித்தப்பாவின் புது இன்ஜின் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. இது மட்டும் ஊர்ந்துகொண்டே இருந்தது.

கோப்பை வாங்கியதும் அவரே வந்து, என்ன மாற்றினாய் என்று கேட்டார். அவள் பையிலிருந்து மார்க்கரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போன வருஷம் பெயின்டைத் துடைச்சிட்டு இதாலதான் கறுப்பு அடிச்சேன், சித்தப்பா. அதான் அப்படி ஓடுச்சு. நீங்களே வச்சுக்கோங்க. அப்பா இது உங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போனார்."