ஆமாஞ்சாமியின் நாற்காலி

கழுத்தில் துண்டைச் சுற்றிச் செருகும்போதே, "ஆமா சார், அதான் சரி" என்பார். நாம் இன்னும் வாயையே திறந்திருக்க மாட்டோம். மழை வரும் என்றால் ஆமா. வராது என்றால், அதற்கும் ஆமா. தெருவில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பேர் வைத்து வருஷக் கணக்காகிறது. அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவருடையது ஒற்றை நாற்காலி சலூன். அந்த நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு. ஆள் உட்கார்ந்ததும் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். காலால் மிதித்து ஏற்றி வைப்பார். காதோரம் வருவதற்குள் மறுபடி இறங்கிவிடும். அது இறங்க இறங்க இவரும் குனிந்துகொண்டே வருவார். என்னைப் போன்ற பாதி வழுக்கைகளால் தொந்தரவில்லை, சீக்கிரம் முடிந்துவிடும். அடர்ந்த முடிக்காரர் யாராவது வந்தால்தான் பாவம். வெட்டி முடித்து நிமிரும்போது "அப்பாடா" என்று சுவரைப் பிடித்துக்கொள்வார்.

பின்னறையில் துண்டுகளைத் துவைத்து மடிப்பது அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு முட்டிவலி. நகராட்சி ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டில் 'பழுது' என்று ஓர் அட்டை. தொங்கித் தொங்கி நூல் இற்று, அந்த அட்டையே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வாரா வாரம் அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்து ஏற, இவர் ஒரு படி கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் ஏறுவார். போன மாதம் அந்த அம்மா, "வலி போயிடுச்சுங்க, இனிமே போக வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்கும் ஆமா என்றார் மனிதர். ஆனால் பின்னறையில் மனைவி எழுந்திருக்கும் சத்தம் கேட்டால் இவர் கையில் கத்திரி நின்றுவிடும். நடக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மறுபடி ஓடும்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சியில் இந்த வருஷம் வரிப் பணம் மிஞ்சிவிட்டது. கேள்விப்படாத அதிசயம்! மிஞ்சியதை வீட்டுக்கு வீடு திருப்பிக் கொடுப்பதா, ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் போடுவதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கட்சியும் முடி வெட்ட இவரிடம்தான் வந்தன.

நான் திருப்பிக் கேட்கும் கட்சி. "என் காசுங்க அது. அதிகமா வாங்கிட்டா திருப்பிக் கொடுக்கிறதுதானே மரியாதை?" என்றேன்.

"ஆமா சார், அதான் சரி."

எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "ஆளுக்குக் கொஞ்சமா பிச்சுக் கொடுத்தா யாருக்கு லாபம்? அவனவன் தனியா லிஃப்ட் வாங்க முடியுமா?" என்றார்.

"ஆமாண்ணே, அதான் சரி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அட, உங்க கருத்துதான் என்னங்க?" என்று பத்திரிகையை மடக்கிப் போட்டேன்.

"கையில கத்தி வச்சிருக்கிறவன் வாக்குவாதம் பண்ணலாமா சார்? உக்காந்திருக்கிறவரு பயந்துட மாட்டாரா?" என்று சிரித்தார்.

பின்னறையிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "அவரைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. பணம் கைக்கு வரட்டும், முதல் வேலையா அந்தச் சனியன் புடிச்ச நாற்காலியத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். ராத்திரி புரண்டு படுக்க முடியல இந்த மனுஷனால."

பழைய சாமான் கடையில் ஆளை விட்டு விலைகூட விசாரித்து வைத்திருந்தாராம். திரும்பி வரும் பணம் அதற்குப் போதுமாம். என் கட்சிக்கு ஆள் சேர்ந்த குஷியில் நான் ஆமாஞ்சாமியைப் பார்த்தேன். வழக்கமான ஆமா வரவில்லை. சீப்பில் ஒட்டியிருந்த முடியை ஊதிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கை தூக்கிச் சொல்ல வேண்டும். அங்கிருந்த தலைகளில் பாதி அவர் வெட்டியவை, முடியைத்தான் சொல்கிறேன். எந்தப் பக்கம் கை தூக்கினாலும் பாதி வாடிக்கை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள். என் கை சட்டென்று மேலே போனது. அந்த அம்மாவின் கையும் போனது. "தூக்குங்க" என்று கணவர் விலாவில் ஓர் இடி வேறு. ஆமாஞ்சாமி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து லிஃப்ட். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே கை தூக்க, இவர் எழுந்தே நின்றுவிட்டார். வலது கை நேராக மேலே.

அந்த அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்னங்க இது? உங்க முதுகு என்னாகிறது?"

"நாற்காலி இறங்கினா நான் குனிஞ்சுக்குவேன். நீ எப்படி மாடி ஏறுவ?"

"எனக்குத்தான் வலி போயிடுச்சே!"

"இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைசியில் லிஃப்டுதான் ஜெயித்தது. என் காசு போனது போனதுதான், வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பார்த்ததை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. கைகளை எண்ணுகிறவர் வரிசை வரிசையாக மெதுவாகத்தான் வந்தார். ஆமாஞ்சாமி கையை இறக்கவில்லை. நின்று நின்று முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளையத் தொடங்கியது. அந்த அம்மா சட்டையை விட்டார். உட்கார்ந்தபடியே அந்த முதுகில் கையை வைத்து, மெல்ல நீவிவிட ஆரம்பித்தார்.