தொட்டியில் விட்ட பெட்ரோல்

பர்மாவில், இன்சீனில் எங்கள் வார்டில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் தேதி கேட்டு முதலில் சோதிடரிடம் போவார்கள், அடுத்துக் கனகாம்பாளிடம் போவார்கள். முகூர்த்த நேரத்தில் மின்சாரம் இருக்கும் என்று எந்தக் கிரகமும் உறுதி தந்ததில்லை. கனகாம்பாளின் ஜெனரேட்டர் தந்தது.

அது பிறந்தது ஒரு வண்டிக்குள். படுக்கையும் அடுப்பும் வைத்த வீட்டுவண்டி ஒன்றை வெளிநாட்டுக்காரர் யாரோ விற்றுவிட்டுப் போக, பக்கத்து ஊரான மாவ்பியில் ஒரு மர வியாபாரி அதை வாங்கினார். சுமை ஏற்ற இடம் வேண்டுமென்று உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த நல்லையா அந்த ஜெனரேட்டரைத் தூக்கி வந்து, இரும்புச் சட்டமும் இரண்டு சக்கரமும் மாட்டினார். வண்டியின் தொட்டியில் இருந்து குடித்துப் பழகிய இயந்திரம் ஆகையால் அதற்கென்று ஒரு தொட்டியும் பற்றவைத்தார். சாவி திருகினால் கிளம்பும் இயந்திரம், பாட்டரி செத்தபின் கயிறு இழுத்தால் கிளம்பும்படி ஆயிற்று. நல்லையா காய்ச்சலில் இறந்தபோது மனைவிக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். கனகாம்பாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். பர்மியர்கள் அவரை ‘விளக்கு அக்கா’ என்றார்கள்.

வாசோ மாதப் பௌர்ணமியில் பிக்குகளின் மழைக்கால விரதம் தொடங்கும். அது முடிந்து தடின்ஜுட் விளக்குத் திருநாள் வரும்வரை பர்மியர் வீடுகளில் கல்யாணம் கிடையாது. மழையால் அணையில் தண்ணீர் ஏறி மின்சாரமும் கொஞ்சம் ஒழுங்காக வரும். ஆகவே ஜெனரேட்டருக்கு ஓய்வு. ஓய்வு என்றால் மூலையில் தள்ளுவது இல்லை. இயந்திரம் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்றுவார். பிளக்கைக் கழற்றி, உள்ளே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து எங்கும் பரவச் செய்வார். எலி புகாமல் புகைக்குழாயின் வாயில் துணி அடைப்பார். செங்கல்மேல் ஏற்றி, ஈரம் வெளியேற இடம் விட்டுத் தார்ப்பாய் போடுவார். எல்லாவற்றுக்கும் முதலாகத் தொட்டியில் இருக்கும் பெட்ரோலை டப்பாவில் இறக்கி அப்துல் சமதிடம் கொடுத்துவிடுவார். விரதம் முடிந்ததும் சமது அதற்குப் பதிலாகப் புதுப் பெட்ரோல் கொடுப்பார்.

சமது தெருமுனையில் புட்டியில் பெட்ரோல் விற்பவர். அது குற்றம். அரசாங்கம் பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுப்பது வண்டிகளுக்கு மட்டும். வண்டியை விட்டு இறங்கிய இயந்திரத்துக்குப் பங்கு இல்லை. ஒரு பெண் வயிறு பிழைக்க வாங்கும் ஒவ்வொரு சொட்டும் சட்டவிரோதம். சட்டப்படி வாங்குவதற்கு வழியே வைக்கவில்லை. எல்லாரையும் குற்றவாளியாக்கி வைத்துவிட்டால், வேண்டியபோது வேண்டியவரைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த வருடம், 2003இல், மழை தொடங்குமுன் சமதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது முன்பல் ஒன்று இல்லை.

வாசோ நெருங்கியது. கனகாம்பாள் அவரிடம் போனார்.

“பாய், டப்பாவ எடுத்துட்டு வரட்டா?”

“எங்க எடுத்துட்டு வருவ? கடைக்கா, ஜெயிலுக்கா?”

“வெளையாடாதீங்க. மழ பூரா தொட்டியில கெடந்தா கெட்டுப்போயிரும்.”

“கெட்டா பெட்ரோல்தானம்மா கெடும். டப்பாவோட புடிச்சாங்கன்னா நீயும் கெட்ட, நானும் கெட்டேன். மெசினுக்குள்ள இருந்தா அது மெசினோடது. வெளிய வந்தா குத்தம்.”

“அப்ப சாக்கடையில ஊத்தவா?”

“ஊத்து பாப்போம். மனசு வருதா?”

மனசு வரவில்லை. நல்லையா இறந்தபின் முதல் தடவையாகப் பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டுத் தார்ப்பாய் போட்டார்.

மழை முடியும் தறுவாயில் ஆயுத பூசை வந்தது. கனகாம்பாள் ஜெனரேட்டரைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கோயில் தர்மகர்த்தா பொன்னுத்துரை வாசலில் நின்று முகம் சுளித்தார்.

“ஏம்மா, தாலி அறுத்தவ கையால குங்குமம் வைக்கலாமா? பக்கத்து வீட்டு விஜயாவக் கூப்பிட்டு வைக்கச் சொல்லேன்.”

“எண்ணெ மாத்த விஜயா வருவாளா மாமா? வந்தா குங்குமமும் அவளே வைக்கட்டும்.”

பூசையன்று கருவியைத் தொடக்கூடாது; மறுநாள் விஜயதசமியில்தான் கிளப்பினார். இருமியது, பழுப்பாகப் புகைந்தது, பிறகு ஓடியது. தொட்டியைத் திறந்து முகர்ந்தார். பெட்ரோல் வாசனை இல்லை. மர வார்னிஷ் வாசனை. சமதின் சரக்கில் என்னென்ன கலந்திருந்ததோ, மழைக்காலம் முழுவதும் அது தொட்டிக்குள் பிசினாகிக்கொண்டிருந்திருக்கிறது. கொட்டிவிட்டு வேறு ஊற்ற வேண்டும். வேறு எங்கே இருக்கிறது? திருநாள் கெடுபிடியில் சமது கடையையே மூடிவிட்டார். வீட்டில் ஒளித்து வைத்திருந்த இரண்டு புட்டியை மட்டும் கொடுத்தார். கனகாம்பாள் அதைப் பழையதோடு கலந்து, ஒரு டீ குடிக்கும் நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்.

“ஓடுதுல்ல, அது போதும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஓடிய சூட்டில் உருகிய பிசின் வால்வின் தண்டில் படிந்து, ஆறியதும் பசைபோல் பிடித்துக்கொண்டது. அதை வெளியில் இருந்து யாரும் பார்க்க முடியாது.

ஒவ்வொரு வருடமும் திருநாளன்று வார்டு மேடைக்குக் கனகாம்பாள் இலவசமாக விளக்கு எரிக்க வேண்டும். எரித்தால்தான் அந்த வருடம் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விட வார்டுத் தலைவர் அனுமதி தருவார். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டத்தில் இல்லாதவைதான் தவறாமல் நடந்தன.

பொழுது சாய்ந்தது. வீட்டுக்கு வீடு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தலைவர் மேடை ஏறியதும் வழக்கம்போல மின்சாரம் நின்றது. கனகாம்பாள் கயிற்றை இழுத்தார். உள்ளே ‘டக்’ என்றது. மறுபடி இழுத்தார், கயிறு எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு வால்வு அசையவில்லை. அதைத் தள்ளும் கம்பி வில்லாக வளைந்திருந்தது.

தலைவர் இறங்கி வந்தார். பேச்சு பர்மிய மொழியில் நடந்தது; அதில் பெண்களை மரியாதையாக ‘டோ’ என்பார்கள்.

“டோ கனகா, ஊர் கல்யாணத்துக்கெல்லாம் ஓடற மெஷின், என் மேடைக்கு மட்டும் படுத்துக்குமோ?”

“மழையில நின்னுருந்ததுங்க. தொட்டியில இருந்த...”

“தொட்டியில இருந்த என்ன? பெட்ரோலா? பெட்ரோலுக்கு என்ன? அது எங்க வாங்கினது?”

கூட்டத்தில் சமது நின்றிருந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. கனகாம்பாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பெட்ரோல்ல ஒண்ணும் இல்லைங்க. நான்தான் மெஷினச் சரியா பாத்துக்கல.”

தலைவர் தலையாட்டினார். சற்று நேரத்தில் அவருடைய மைத்துனரின் புத்தம்புதுச் சீன ஜெனரேட்டர் சைக்கா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷாவில் வந்து இறங்கியது. மேடையில் விளக்கு எரிந்தது. கூட்டம் கைதட்டியது. அந்தத் தொட்டியில் இருந்த பெட்ரோல் எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

கனகாம்பாள் அனுமதி கேட்டு வார்டு அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரியா பாத்துக்கலன்னு நீங்களே அத்தன பேர் முன்னால சொல்லிட்டீங்களே, டோ கனகா. ஜனங்க பாதுகாப்பும் பாக்கணுமில்ல?”

ஊர் காரணம் கண்டுபிடிப்பதில் மும்முரமாக இருந்தது. கைம்பெண் வைத்த குங்குமம் என்றார் பொன்னுத்துரை. நாட் தேவதைக்குத் தேங்காய் வைக்கவில்லை என்றார்கள் பர்மியர்கள். சனி பார்வை என்றார் சோதிடர். இயந்திரத்தைக் கெடாமல் வைப்பதற்கான ஒரே வழியைக் குற்றமாக்கி வைத்திருக்கிறார்களே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தேவதையின் மேல் பழி போட்டால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

நல்லையாவோடு வேலை பார்த்தவர்கள் பட்டறையில் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தார்கள். வால்வைத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். ஜெனரேட்டர் பழையபடி ஓடியது. அதனால் ஆவது ஒன்றுமில்லை. அனுமதி இல்லாமல் ஒரு குண்டு பல்பை எரித்தாலும் பறிமுதல். தார்ப்பாய்க்கு அடியில் அது நல்ல நிலையில் நின்றது. கனகாம்பாள் சந்தையில் மெழுகுவர்த்தி விற்கத் தொடங்கினார். ஒரு தடவை மட்டும் சமது வாசலுக்கு வந்தார்.

“எம் பேரச் சொல்லியிருக்கலாம், கனகாம்மா.”

“சொல்லி? இன்னொரு பல்லும் போகவா? வீட்டுக்குப் போங்க பாய்.”



அடுத்த வாசோ வந்தது. தலைவரின் மைத்துனர் குடையோடு வந்து நின்றார்.

“டோ கனகா, மழைக்கு மெஷின எப்படி வைக்கறது? உங்களுக்குத்தான் தெரியும்னாங்க.”

“மொதல்ல பெட்ரோல இறக்கிடுங்க.”

“இறக்கிடலாம். உங்ககிட்ட டப்பா இருக்குமே? உங்களுக்குத்தான் இப்பத் தேவையில்லையே.”

கனகாம்பாள் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தார். மைத்துனர் தன் ஜெனரேட்டரைத் தெரு நடுவுக்குக் கொண்டுவந்து, டப்பாவைப் பக்கத்தில் வைத்து, எல்லார் முன்னாலும் பெட்ரோலை இறக்கினார். டப்பா நிறைந்ததும் வார்டு அலுவலகத்துக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் சமது தலையைக் குனிந்தபடி நடந்து போனார். மழை பிடித்துக்கொண்டது. கனகாம்பாள் மெழுகுவர்த்திக் கூடையை உள்ளே இழுத்து வைத்தார்.