சத்தம் அடங்கிய பின்சக்கரம்

குச்சனூர் சனீஸ்வரரை நம்பியிருக்கும் சொந்தங்களுக்கு என் கும்பிடு. நான் கோம்பைக்காரன், விவசாயி. எனக்கு அமைதியாகப் பேச வராது என்று ஊரே சொல்லும். பட்டதைப் பட்டபடி சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெகுதானிய வருடம் ஆடி மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு கார். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓட்டிக் கழித்து, இரண்டு மூன்று கை மாறி என்னிடம் வந்த பழைய வண்டி. பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் அதில் பிரேக் உண்டு. மிதித்தால் கத்தியைச் சாணை பிடிப்பதுபோல் பின்னால் கிறீச்சென்று கேட்கும். மிதிகட்டை பாதத்தைத் திருப்பி உதைக்கும். போகப்போக அது அடிப்பலகை வரைக்கும் இறங்கினால்தான் வண்டி நிற்கும் என்று ஆகிவிட்டது.

ஆவணியில் அந்த வண்டியில்தான் என் தங்கச்சி வீரம்மாளைக் குமுளியிலிருந்து அழைத்துவர வேண்டும். ஏலத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கித் தரித்த முதல் கர்ப்பம். ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவருவது எங்கள் முறை. அப்பாவும் ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். குமுளி இறக்கத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பிரேக் பிடிக்காவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பார்க்காத பட்டறை இல்லை. எல்லாரும் வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு எழுந்து கையைத் துடைப்பார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். வாரம் முடிவதற்குள் பழைய கதைதான். "உள்ள ஏதோ தேயிது. தேயாமலா வாராவாரம் முறுக்க வேண்டியிருக்கு? சக்கரத்தக் கழட்டிப் பாருய்யா" என்று ஒரு பட்டறைக்காரரிடம் கத்தினேன்.

"அதக் கழட்டுனா ஒரு நா வேல போயிரும். கெழட்டு மாடு இருமத்தான் செய்யும். நீங்க வெள்ளாமயப் பாருங்க, வண்டிய நாங்க பாத்துக்கிறோம்" என்று சிரித்தார் அவர். எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. சொன்னால் கேட்க ஓர் ஆள் இல்லையே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஆம்பளை அழலாமா என்றால், நான் அழுதேன்.

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை குச்சனூர் போனேன். ஆற்றில் முழுகி, எள் விளக்கு ஏற்றி, ஈரவேட்டியோடு சந்நிதியில் நின்றேன். அன்று நான் கும்பிட்டேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. "சாமி, சரிபண்ணிக் குடுன்னு கேக்கல. உள்ள என்ன கோளாறுன்னு கண்ணுல காட்டிரு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரி குருவம்மாள் என்னைவிடப் பெரிய பக்தை. இரும்பு சனீஸ்வரருக்கு உரியது, நல்லெண்ணெயும் அவருக்கு உரியது. காரும் இரும்புதானே என்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். நான் வயலுக்குப் போன நேரமாகப் பார்த்து, சாமிக்குச் சாத்துவதுபோல் பின்சக்கரம் இரண்டின் நடுவிலும் நல்லெண்ணெயை ஊற்றி, பொட்டும் வைத்துவிட்டாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அதே காப்பு. எனக்குப் பொட்டு தெரிந்ததே தவிர எண்ணெய் தெரியாது.

கிறீச்சல் நின்றது. சுத்தமாக நின்றுவிட்டது. தெருவே கூடிச் சனீஸ்வரர் கருணை என்றது. பட்டறைக்காரரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லயே, இனி என்ன பயம்?" என்றார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. காட்டு என்று கேட்டால் சாமி மூடிவிட்டாரே என்று எரிச்சல். ஆனால் நாள் குறித்தாகிவிட்டது, குமுளியில் பந்தல் போட்டாகிவிட்டது. நானும் குருவம்மாளும் கிளம்பினோம்.

ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. வளையல் போட்டு முடித்து, வீரம்மாளையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு கருப்பசாமி கல் உண்டு. அங்கே எந்த வண்டியும் நிற்காமல் இறங்காது. ஆட்கள் எல்லாரும் இறங்கி, வெறும் வண்டியைச் சாமி முன்னால் நிறுத்திச் சூடம் காட்ட வேண்டும்.

"மதினி, நான் உக்காந்தே கும்புட்டுக்கிறேனே. இடுப்பு வலிக்குது" என்றாள் வீரம்மாள்.

"அதெல்லாம் ஆகாது. சூடங் காட்டையில வண்டிக்குள்ள ஒரு உசுரு இருக்கக் கூடாது. எறங்கு ஆத்தா, நான் புடிச்சிக்கிறேன்" என்று குருவம்மாள் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினாள்.

கைப்பிரேக்கை இழுத்தேன். அதே பின்சக்கரங்களைப் பிடிக்கும் அது, தளர்ந்து இருக்கை வரைக்கும் வந்தது. நானும் இறங்கிச் சூடத்தைப் பற்ற வைத்தேன். அப்போது என் கண்ணெதிரே, ஆளில்லாத கார் மெதுவாக நகர்ந்தது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன், என்னையும் இழுத்துக்கொண்டு போனது. பாதை ஓரத்துக் கல்லில் முட்டி, விளக்கு நொறுங்கி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "காட்டச் சொன்னா ஒடைக்கிறியே, நீயெல்லாம் ஒரு சாமியா!" என்று குச்சனூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினேன். மாப்பிள்ளை வேறு, "நல்ல நேரம் போகுது மச்சான்" என்று நச்சரித்தார். "நேரமாவது மண்ணாவது" என்று அவர்மீதும் பாய்ந்தேன்.

பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் தம் கருவிகளை எடுத்து வந்தார். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை உருவினோம். பிரேக் கட்டைகள் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டி அது. உள்ளே எண்ணெயும் புழுதியும் சேறாகக் கிடந்தன. துணியால் துடைத்தேன். கட்டை தேய்ந்து, ஆணித்தலைகள் வெளியே வந்து, சட்டியை உழுதிருந்தன. ஓரத்தில் மட்டும் தேயாத இரும்பு உதடுபோல் தூக்கி நின்றது. நகத்தை வைத்தால் தட்டியது. நடுவிலோ தகரம்போல் மெலிந்து, குறுக்கே ஒரு விரிசல். அடுத்த சக்கரமும் அதே கதிதான்.

"இத வச்சிக்கிட்டா எறங்கப் பாத்தீக? எண்ணெய வேற ஊத்தியிருக்கீக, எப்படிப் புடிக்கும்?" என்றார் லாரிக்காரர்.

குருவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். வீரம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் மறுபடி துணியை எடுத்துச் சட்டியைத் துடைக்கப் போனேன். எண்ணெய் ஊற்றியதும் அவள்தான், இறங்கு என்று பிடிவாதமாக இறக்கியதும் அவள்தான்.

காரை அங்கேயே விட்டு, மாட்டுவண்டி பிடித்து ராகுகாலத்தில் மலை இறங்கினோம். ஒரு குறையும் வரவில்லை. கார்த்திகையில் வீரம்மாளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. "மதினி எறங்கச் சொல்லலன்னா, அண்ணே…" என்று ஒருநாள் ஆரம்பித்தாள். நான் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டு எண்ணெய் விளக்குக்கு மட்டும்தான். மலை ஏறும் முன் இரண்டு டிரம்மையும் கழற்றி நகம் வைத்துப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. கோபம் மட்டும் முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

சொந்தங்களே, உங்கள் கஷ்டம் எதுவானாலும் அவரிடம் போய்க் கேளுங்கள். அழத் தெரிந்தால் அழுது கேளுங்கள், என்னைப்போலச் சண்டை போடத்தான் தெரியும் என்றால் சண்டை போட்டுக் கேளுங்கள். ஆனால் பதில் வரும்போது கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளுங்கள். கார் கல்லில் முட்டி நின்றபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.