அப்பாவின் வார்டில் எஸ்தர் சிஸ்டர்

மீஞ்சூரில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். "எஸ்தர் சிஸ்டர் போய்ட்டாங்கமா" என்றார்.

குடிநோய் வார்டில் நர்சாக இருந்த அவரை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டுக் கதை இது.

அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும் அவருடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே, ஐந்து வயதுத் தங்கை மலர் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். அவர் எட்டி உதைத்துவிடுவாரென்று நான் சோற்றுப் பானையை ஒளித்து வைப்பேன். கடைசியில் கை நடுக்கமும் பிதற்றலுமாக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அப்பாவுக்கு ஊசி போட்டுவிட்டு சிஸ்டர் நேராக எங்களிடம் வந்து தரையில் உட்கார்ந்தார். "அப்பா இன்னாத்துக்குக் குடிக்கிறாரு, தெரியுமா?" என்று மலரைக் கேட்டார்.

"நான் சத்தம் போட்டு வெளாடுறேன்ல, அதான்."

சிஸ்டர் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அதனால இல்ல கண்ணு. அது ஒரு சீக்கு. உன்னால வர்ல" என்றார். கட்டிலில் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

வீடு திரும்பிச் சில மாதங்களில் மறுபடியும் குடித்தார். வெட்கத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. சிஸ்டர் ரயிலேறி ஆரம்பாக்கத்துக்கு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"இன்னா ஏழுமலை, ஊட்லயே குந்திக்கினு கீற? சக்கர ஏறிப்போனா டாக்டராண்ட வரமாட்டியா? இதுவும் அப்டித்தான். கெளம்பு."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

மலர் உடனே மாறிவிடவில்லை. வெகுநாள் கதவருகில் நின்று அப்பாவின் முகத்தையே பார்ப்பாள். ஒரு மாலை அவர் எதற்கோ அதட்ட, அவள் எதிர்த்துப் பேசினாள். அம்மா நடுங்கிப்போனாள். அப்பா சிரித்துவிட்டார். இதைச் சொன்னபோது சிஸ்டர், "இனிமே தான் அவ கொழந்தையா இருப்பா. உடுங்க" என்றார்.

அடக்கத்தன்று அப்பா சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

யாராவது தள்ளாடி நடந்து வந்தால் நான் இன்றும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். கல்லூரியில் படிக்கும் மலருக்கு அப்படி எதுவுமில்லை. பழையதைச் சொன்னால், "நம்ம அப்பாவா? நெஜமாவாக்கா?" என்கிறாள். எஸ்தர் சிஸ்டர் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டிருப்பது அவளுடைய அந்த மறதியைத்தான்.