விடத் தெரிந்த பாலிமர்

பக்கவாட்டில் வந்த சைக்கிள், பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கண்ணில் படவே இல்லை. சைக்கிளில் வந்தவர் குதித்துத் தப்பினார். அன்றே அண்ணன் பஸ் சாவியை டிப்போவில் ஒப்படைத்துவிட்டார். பிறவியிலேயே ஒரு மரபணு பழுது, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் என்றார் கண் மருத்துவர்.

வேதியியல் படித்த தங்கை அந்த வருடமே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தாள். பழுதில்லாத மரபணுவின் டிஎன்ஏவை விழித்திரைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். வழக்கமாக அதைச் சுமப்பது தீங்கு நீக்கிய வைரஸ். அண்ணனுக்கு வேண்டிய மரபணுவோ அதற்குள் அடங்காத நீளம். அதனால் அவள் பாலிமரைக் கையில் எடுத்தாள். டிஎன்ஏவைச் சுருட்டி நுண்ணிய உருண்டையாக்கி, உள்ளே போனதும் தானே சிதைந்து மறையும் பாலிமர்.

முதலில் செய்தது, செல்லுக்குள் போயும் டிஎன்ஏவை விடவில்லை. பிணைப்பைத் தளர்த்தினால் வழியிலேயே சிதறியது. வருடங்கள் ஓடின.

"புடிச்சா விடாது, விட்டா நிக்காது. அப்படியே உங்கண்ணன்தான்!" என்று அண்ணி சிரிப்பாள்.

ஒரு முற்பகல், தட்டில் இருந்த செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. சோதனைக்காக வைத்த ஒளிரும் மரபணு உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். அண்ணி அண்ணனை அழைத்து வந்தாள். அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"இந்த ஓட்டைக்கு என் பார்வையே போதும் பாப்பா. பச்சைப் பசேல்னு இருக்கு." கண்ணை எடுக்காமலே, "இது எனக்கு ஆகுமா?"

"தெரியலண்ணா. இது தட்டுல வளர்ற செல்லு. அடுத்து எலி, அப்புறம்தான் மனுஷங்க. அதுக்குள்ள உன் கண்ணு..."

"சரி விடு. வராத பஸ்ஸ வரும்னு நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

எலிகளின் கண்ணில் அந்த ஒளி சில வாரங்களில் மங்கிப்போனது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அண்ணன் வெள்ளைக்கோல் பிடித்து நடக்கப் பழகி, பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலைக்குப் போனார்.

போன வருடம் அவள் அவரைப் போனில் அழைத்தாள். பழுதான மரபணுவோடு பிறந்த எலிகள், புதிய பாலிமர் சுமந்துபோன மரபணுவால் மாதக்கணக்கில் பார்வை இழக்காமல் இருந்தன.

"எலிக்குக் கண்ணு தெரியுதா? நெஜமாவா?"

அவர் மைக்கை அணைக்க மறந்திருந்தார். பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. போனில் அவர் குரலும், பின்னாலேயே ஒலிபெருக்கியில் அதே குரலும் கேட்டன. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.