நுவன் கண்ட பிறை

கொடியில் காயாத துவாய்களின் வாடை... அதற்குள் நோன்புக் கஞ்சியின் றம்பை இலை வாசம்... எங்கள் ஹொஸ்டல் மொட்டைமாடியை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

மலைநாட்டில் கம்பஸ். நான் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பிள்ளை. நாலு வருஷத்தில் முடிய வேண்டிய டிகிரி, ஒரு ஸ்ட்ரைக், பிறகு இன்னொரு ஸ்ட்ரைக், இடையில் ஹொஸ்டல் மூடல் என்று இழுபட்டு ஆறாவது வருஷத்தில் வந்து நின்றது. அரசாங்கக் கம்பஸில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "இன்னும் முடியல்லையா?" என்று கேட்கிற ஆட்களைக் கண்டால் நான் வேறு ஒழுங்கையால் போய்விடுவேன்.

வாப்பா மட்டும் கேட்கமாட்டார். அதுதான் கஷ்டம்.

அவர் தோணிக்காரர். உம்மாதான் போனில் மெதுவாகச் சொன்னார். "வாப்பாக்கு முதுகு நிமித்த ஏலா மகன். கடல விடுங்க எண்டா கேக்காரில்ல. மகன் படிச்சி முடிச்சாத்தான் விடுவனாம்."

எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேப்பர்...

கலண்டரில் புதன்கிழமை பெருநாள் லீவு என்று சிவப்பில் போட்டிருந்தது. டிபார்ட்மென்டில் அதைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பேப்பரை வியாழக்கிழமைக்குப் போட்டுவிட்டார்கள். கலண்டர் அடித்தவனுக்குப் பிறை எப்போது தெரியும் என்று தெரியுமா? செவ்வாய் பின்னேரம் பிறை காணாவிட்டால் பெருநாள் வியாழக்கிழமை!

நாங்கள் சில பேர் டிபார்ட்மென்ட் தலைவர் சேரிடம் போனோம். சிங்கள மனுசன், தங்கமான மனுசன். அப்படியென்றால் பெருநாள் எந்த நாள் என்று கேட்டார். முதல் நாள் பின்னேரம்தான் தெரியும் சேர் என்றோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். வியாழன் பெருநாள் என்றால் பேப்பரைத் தள்ளி வைக்கிறேன் என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்தோம்.

அடுத்த நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து ஊழியர்கள் ஸ்ட்ரைக். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பேப்பர் தள்ளிப்போனால் அதோடு எங்கள் கதையும் தள்ளிப்போகும்.

அன்றிலிருந்து முழு பட்ச்சும் வானத்தைப் பார்க்கத் தொடங்கியது. கன்டீனில், லைப்ரரியில், எங்கே கண்டாலும் சிங்களப் பிள்ளைகளுக்கு எங்களிடம் ஒரே கேள்வி, பிறை தெரியுமா? பாண்டிருப்பு நண்பன் ஒருவன் செவ்வாய்க்கிழமை பிறை தெரிய வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தான். அல்லாஹ்வின் பிறைக்குப் பிள்ளையாரிடம் சிபாரிசு! நாங்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செவ்வாய் பின்னேரம் எல்லாரும் மொட்டைமாடியில்.

ஊரில் பிறை பார்ப்பது லேசு. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாவிதன்வெளி வயல் பக்கம் திரும்பினால் வானம் அடிவரைக்கும் தெரியும். இங்கே மேற்கே மலை. மலைக்கு மேல் முகில். நோன்பு திறந்து பேரீச்சம்பழம் வாய்க்குள் கிடக்கிறது, விழுங்க மனமில்லை. இன்னும் எத்தனை மாசம் வாப்பா அந்த முதுகோடு தோணி தள்ளப் போகிறார்... அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நுவன் என் ரூம்மேட். குருநாகல் பிள்ளை. தமிழை என்னிடமே பழகியவன். தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறி நின்றவன் திடீரென்று கத்தினான்.

"அந்தா மச்சான்! அந்தா இரிக்கி! நான் கண்ட!"

எங்களில் ஓதிப் படித்தவன் அஸ்மி. அவன் பொறுமையாகச் சொன்னான். "நீ கண்டு சரிவராது மச்சான். பிறைக்கு முஸ்லிம் சாட்சிதான் வேணும்."

நுவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், என்ட கண் பொய் சொல்லுமா? வா, ஏறு, நீ பாரு!"

ஏறினோம். அவன் விரல் காட்டிய இடத்தில், இரண்டு முகிலுக்கு நடுவே... வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு கீற்று.

அஸ்மி அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னான். பாண்டிருப்பான் விசிலடித்தான். நுவனைத் தூக்கப் போய் எல்லாரும் சேர்ந்து விழுந்தோம். கொஞ்ச நேரத்தில் நாளைக்குப் பெருநாள் என்று றேடியோவிலும் சொன்னார்கள்.

வியாழன் பேப்பர் எழுதிவிட்டு வெளியே வந்து வாப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"முடிஞ்சா மகன்?"

"ஓம் வாப்பா. எல்லாம் முடிஞ்சி."

அங்கே உம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்... அப்ப நாளைக்கு சுபஹுத் தொழுதுட்டு நான் நல்லாப் படுத்துக் கிடக்கன்."

கம்பஸ் மதிலில் சாய்ந்துகொண்டு அழுதேன். போகிற வருகிற பிள்ளைகள் பேப்பர் கஷ்டம் போல என்று நினைத்திருப்பார்கள். அந்த ஸ்ட்ரைக் எப்போது முடிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்...

இப்போது எனக்குக் கல்முனையில் உத்தியோகம். வாப்பா கடற்கரைக்குப் போவது கதைக்க மட்டும்தான். பிறை எத்தனை பாகையில் நிற்கும் என்று போனே சொல்லிவிடுகிறது. நாம் தலையை நிமிர்த்துவதற்குள் வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் பெருநாள் வாழ்த்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் வருஷா வருஷம் அந்தப் பின்னேரம் குருநாகலில் நுவன் தன் வீட்டு மாடியில் ஏறத்தான் செய்கிறான்.

இந்த முறை எங்கள் பக்கம் முழுக்க முகில். நானும் வாப்பாவும் வெறுங்கண்ணோடு திரும்பி வந்தோம். அப்போது நுவனிடமிருந்து ஒரு போட்டோ, மெல்லிசான கீற்று. கூடவே ஒரு வொய்ஸ். "மச்சான், என்ட சாட்சி இப்பவாவது சரிவருமா?"

வாப்பா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஊருக்குச் சரிவருமோ என்னமோ மகன்... என்னக் கரையில ஏத்தின ஆள் அவன். எனக்கு அவன்ட சாட்சி போதும் எண்டு சொல்லு."