பேராசிரியையின் தங்கை

பேராசிரியைக்குக் கல்லூரியில் வைத்த பேர் 'காஜியம்மா'. ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் காஜிகள், அதாவது இஸ்லாமிய நீதிபதிகள், எழுதிவைத்த வழக்குப் பதிவேடுகளை முப்பது வருஷமாகப் படித்துவந்தார். சுல்தான்கள் கதையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஜீவனாம்சம் கேட்டு வந்த மீன்காரி, விடுதலையான அடிமைப்பெண், இவர்கள்தான் அவருக்குச் சொந்தம்.

"இருநூறு வருஷத்துக்கு முந்தின விவாகரத்தெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. என் கல்யாண நாள் மட்டும் மறந்துபோயிடும்" என்று தங்கை கேலி செய்வாள். படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அவளும் தையல்கடை வைத்திருந்த அவள் புருஷனும் அப்பா வீட்டிலேயே இருந்ததால்தான் அக்காவால் மாசக்கணக்கில் வெளிநாட்டில் உட்கார முடிந்தது.

பூட்டியே கிடந்த கடைசிப் பதிவேடுகளைப் பார்க்க மூன்று வருஷம் நடையாய் நடந்தார். ஆறு மாசத்துக்கு அனுமதி கிடைத்தது. அவர் போன இரண்டாம் மாசம் தங்கைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. போனில் அவள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. குரல் தேய்ந்ததற்குச் சளி என்றாள். பூச்சி அரித்த தாளில் அழிந்த எழுத்தைக்கூடக் கண்டுபிடிக்கிறவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன் அண்ணி" என்றார் தையல்காரர். "அவதான் விடல. அக்கா பாதியில வந்துட்டா அந்தக் கதவை மறுபடி திறக்கமாட்டாங்கன்னு சத்தியம் வாங்கிட்டா."



அந்தப் பதிவேடுகளை வைத்து எழுதிய புத்தகம் அச்சுக்குப் போகும் சமயம், பேராசிரியை முன்னுரையில் தங்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தார். பேர்கூடத் தெரியாத பெண்களைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதிய கை மூன்றாம் வரியில் நின்றுவிட்டது. பகலெல்லாம் அவள் என்ன செய்தாள், யாரோடு பேசினாள் என்றே தெரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனார்.

"அவளைப் பத்திச் சொல்லுங்க தம்பி."

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சாயங்காலம்வரை சொன்னார். நீச்சல் கற்க ஆசைப்பட்டாளாம். புருஷன் கைவிட்ட பெண்களுக்கு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பாளாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்கா படிப்புக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு விஷயமான்னு சிரிப்பா, அண்ணி."

நோட்டில் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. கிழிசல் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேராசிரியை வாய்விட்டு அழுதார்.

புத்தகம் வந்தது, பெரிய அறிஞர்கள் மெச்சினார்கள். தங்கையைப் பற்றிய பக்கம் மட்டும் அதில் இல்லை. இப்போது அப்பாவுக்குச் சோறூட்டுவது அவர்தான். "சின்னவ ஊட்டுற மாதிரி இல்ல" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிண்ணத்தைப் பிடித்தபடி பேராசிரியை காத்திருப்பார்.